விளம்பரமும் வீட்டுத் தூசியும்

துப்புரவு பேணுதல் தமிழர் இல்லங்களிலே தொன்றுதொட்டு நிலவிவரும் ஒழுக்கமாகும். பொழுது புலருமுன் எழுந்து, வளவு கூட்டி, முற்றத்திற்கு நீர் தெளித்த பின்னரே ஏனைய கருமங்களைத் தொடங்குதல் மட்டக்களப்பு வாவியின் இருமருங்கிலும் வாழும் குடும்பங்களின் வழக்கம். எழுவான்கரையாயினும் படுவான்கரையாயினும் இதில் வேறுபாடில்லை. இதற்குரிய கருவிகளும் எம் மண்ணிலேயே விளைந்தவை. தென்னோலை ஈர்க்கிற் கட்டிய விளக்குமாறு முற்றத்திற்கும், தேங்காய்த் தும்பினாற் செய்த தும்புத்தடி வீட்டின் உட்புறத்திற்கும் பயன்பட்டன, இன்றும் பயன்படுகின்றன.

இக்கருவிகளின் பக்கத்திலே மின்சாரத்தால் இயங்கும் புதிய கருவியொன்று வந்து நிற்கின்றது. மக்கள் அதனை ‘வெக்கியூம் கிளீனர்’ என ஆங்கிலப் பெயராலேயே வழங்குகின்றனர். தூசியை உறிஞ்சி எடுப்பதனால் நாம் அதனைத் தூசுறிஞ்சி என்போம். கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழும் பழைய மாணவர் ஊரிலுள்ள பெற்றோருக்கு இதனை அன்பளிப்பாக வாங்கிக் கொடுப்பதும், ஊரிலே உத்தியோகம் பார்ப்போர் தவணைக் கட்டணத்தில் வாங்குவதும் இன்று காணக்கூடியன. விலை உயர்ந்த வகையாயின் ஓர் ஆசிரியரின் மாத வேதனத்தையே அது விழுங்கிவிடும். அங்ஙனமிருந்தும், வாங்குவோரிற் பெரும்பாலார் அதன் இயல்பை அறிந்துகொள்வது விளம்பரத்தின் வாயிலாகவே.

விளம்பரங்கள் கூறுவன உண்மையா? உண்மையாயின், அவை எமது வீட்டிலும் உண்மையாகுமா? இவ்விரு வினாக்களும் ஒன்றெனத் தோன்றினும் ஒன்றல்ல. தூசுறிஞ்சி விளம்பரங்களிற் காணப்படும் எண்கள் பெரும்பாலும் பொய்யானவையல்ல. ஆனால் அவை வேறொரு வீட்டில், வேறொரு தரையில், வேறொரு நிலையில் அளக்கப்பட்டவை. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொறி தோன்றிய வரலாறு

மேனாடுகளிலே தூசியகற்றுவதற்கென முதலில் வந்த பொறிகளுட் சில, காற்றை ஊதித் தூசியைக் கிளப்புவனவாகவே இருந்தன. கிளம்பிய தூசி மீண்டும் அவ்விடத்திலேயே படிந்தது. 1901ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலே அத்தகைய பொறியொன்றின் செயல்விளக்கத்தைக் கண்ட ஹியூபேட் செசில் பூத் என்னும் பொறியியலாளர், ஊதுவதை விடுத்து உறிஞ்சினால் என்ன என்று எண்ணினார். மெத்தையிட்ட கதிரையொன்றின்மேற் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். கைக்குட்டையிலே தூசி படிந்தது. அதே ஆண்டில் அவர் தமது பொறிக்குக் காப்புரிமை பெற்றார். அக்காலப் பொறி வீட்டினுள் வைக்கத்தக்கதன்று. குதிரைகள் இழுத்துவரும் வண்டியிலே அது வீதியில் நிற்கும். நீண்ட குழாய்கள் யன்னல் வழியாக உள்ளே செலுத்தப்படும். 1902இல் ஏழாம் எட்வேட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு முன்னர் வெஸ்ற்மினிஸ்ரர் தேவாலயத்தின் கம்பளங்களைத் துப்புரவு செய்தமை இப்பொறிக்குப் பெரும்புகழ் ஈட்டிக் கொடுத்தது.

வீட்டிலே ஒருவர் கையாளத்தக்க பொறியை அமைத்தவர் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர். அவர் பெரிய கடையொன்றிலே துப்புரவுத் தொழில் செய்தவர், தொய்வு நோயாளர். கூட்டும்போது கிளம்பிய தூசியே அவருக்கு உபாதையாயிற்று. மின்விசிறி மோட்டர் ஒன்றையும், தும்புத்தடியின் கைபிடியையும், தலையணை உறையையும் இணைத்து அவர் ஆக்கிய பொறிக்கு 1908இற் காப்புரிமை கிடைத்தது. அதனை வாங்கிய தோற்பொருள் உற்பத்தியாளர் வில்லியம் ஹூவர், அதே ஆண்டிலே வார இதழொன்றில் விளம்பரம் செய்து, பத்து நாட்கள் இலவசமாகப் பாவித்துப் பார்க்கலாம் என அறிவித்தார். எனவே வீட்டுத் தூசுறிஞ்சியும் அதன் விளம்பரமும் உடன்பிறந்தவை எனலாம்.

இந்தியாவில் இப்பொறி பரவியதும் இவ்வழியிலேயே. 1982இல் தொடங்கப்பட்ட யுரேக்கா போர்ப்ஸ் என்னும் நிறுவனத்தார், கடையிலே வைத்து விற்பதற்குப் பதிலாக, வீடுவீடாக விற்பனையாளரை அனுப்பிச் செய்து காட்டி விற்றனர். சென்னை முதலிய நகரங்களிலே கழுத்துப்பட்டி அணிந்து, பொறியைச் சுமந்து, படியேறிய இளைஞரைப் பலரும் அறிவர்.

விளம்பரம் பொறியை மறைத்துவிட்ட சந்தர்ப்பமும் உண்டு. 1992இல் ஹூவர் நிறுவனத்தின் பிரித்தானியக் கிளை, 100 பவுணுக்கு மேற் பொருள் வாங்குவோருக்கு விமானப் பயணச் சீட்டுக்கள் இலவசம் என விளம்பரம் செய்தது. முதலில் ஐரோப்பிய நகரங்களுக்கும், பின்னர் அமெரிக்காவுக்கும் என்றது. மக்கள் தூசியை எண்ணாது பயணத்தை எண்ணி வாங்கினர். வாக்கைக் காப்பாற்ற இயலாத நிறுவனம் ஏறக்குறைய 5 கோடி பவுண் இழந்தது.

பொறி இயங்கும் முறை

விளம்பரத்தை நிறுக்குமுன் பொறியின் தத்துவத்தை அறிதல் வேண்டும். தூசுறிஞ்சி தூசியை ‘இழுக்கின்றது’ என்கிறோம். பௌதிகவியலின்படி அது எதனையும் இழுப்பதில்லை. பொறியினுள்ளே நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழலும் விசிறி, உள்ளிருக்கும் வளியை வெளியேற்றுகின்றது. அதனால் உள்ளே அமுக்கம் குறைகின்றது. வெளியிலுள்ள வளிமண்டலம் தன் அமுக்கத்தாற் குழாயினுள்ளே வளியைத் தள்ளுகின்றது. அவ்வளியோட்டத்திலே தூசி அள்ளுண்டு செல்கின்றது. செவ்விளநீரிலே குழலிட்டுப் பருகும்போது நிகழ்வதும் இதுவே. கடல்மட்டத்தில் வளிமண்டல அமுக்கம் 101,325 பஸ்கால். வாவிக்கரையிலே வாழும் எமக்கு அது குறைவின்றிக் கிடைக்கின்றது.

இங்கே இரண்டு கணியங்களைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று அமுக்கக் குறைவு, மற்றையது வளியோட்டம். குழாயின் வாயை உள்ளங்கையால் அடைத்துவிட்டால் அமுக்கக் குறைவு உச்சத்தை அடையும்; ஆனால் வளியோட்டம் இல்லை. குழாயைக் கழற்றிவிட்டால் வளி தாராளமாக ஓடும். அமுக்கக் குறைவோ மிகச் சிறிதாகிவிடும். அடைத்த வாயினால் எதையும் கூட்ட முடியாது. அகலத் திறந்த வாயினாற் பாயிற் புதைந்த மணலை எடுக்க முடியாது. பொறி செய்யும் உண்மையான வேலை இவ்விரண்டும் கலந்த நிலையிலே தான் நிகழ்கின்றது. இரண்டையும் பெருக்கிப் பெறுவதனை வளிவாற்று என்பர்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். வாயடைத்தபோது 20,000 பஸ்கால் அமுக்கக் குறைவும், வாய் திறந்தபோது வினாடிக்கு 36 இலீற்றர் வளியோட்டமும் தரும் பொறி ஒன்று உண்டெனக் கொள்வோம். இரு எல்லைகளுக்குமிடையே நேர்கோட்டு மாற்றம் என எடுத்துக்கொண்டால், நடுநிலையில் 10,000 பஸ்காலும் 18 இலீற்றரும் அமையும். 10,000ஐ 0.018ஆற் பெருக்கினால் 180 வாற்று. இதுவே அப்பொறி தரவல்ல உச்ச உறிஞ்சுவலு. அதன் மோட்டர் மின்சாரத்திலிருந்து பெறுவது 1,400 வாற்றாக இருக்கலாம். எஞ்சியது வெப்பமாகவும் இரைச்சலாகவும் போய்விடுகின்றது.

வளியோட்டத்தின் வேகமும் இன்றியமையாதது. அரை மில்லிமீற்றர் பருமனுள்ள மணல்மணி அசைவற்ற வளியிலே வீழும்போது வினாடிக்கு ஏறக்குறைய 4 மீற்றர் வேகத்தை அடைகின்றது. அம்மணியைச் செங்குத்தான குழாயில் மேலேற்ற வேண்டுமாயின் வளி அதனிலும் விரைவாக ஓட வேண்டும். 32 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழாயில் வினாடிக்கு 30 இலீற்றர் வளி ஓடினால் அதன் வேகம் ஏறக்குறைய 37 மீற்றர். மணல் இலகுவிற் செல்லும். பை நிறைந்து, வடி அடைபட்டு, ஓட்டம் 10 இலீற்றராகக் குறைந்தால் வேகம் 12 மீற்றராகிவிடும். குழாய்க்குள் வந்த மணி அப்போதும் மேலே செல்லும். ஆயின் அகன்ற வாயின் விளிம்பிலே, தரையோடு ஒட்டிக் கிடக்கும் மணியை அசைக்கும் ஆற்றல் வெகுவாகக் குன்றிவிடும்.

விளம்பரக் கூற்றுக்கள்

இத்தத்துவத்தைத் துணையாகக் கொண்டு விளம்பரங்களிலே பெரிய எழுத்திற் காணப்படும் கூற்றுக்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, ‘2,000 வாற்று’ என்பது போன்ற கூற்று. இது பொறி உண்ணும் மின்வலுவே, செய்யும் வேலையன்று. மாட்டிற்கு இட்ட வைக்கோலைக் காட்டி அது கறக்கும் பாலை மதிப்பிடுவார் உண்டோ? ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டெம்பரிலே 1,600 வாற்றுக்கு மேற்பட்ட வீட்டுத் தூசுறிஞ்சிகளின் விற்பனையைத் தடைசெய்தது. 2017 செப்டெம்பரில் அவ்வெல்லையை 900 வாற்றாகக் குறைத்தது. அதன் பின்னரும் அங்குள்ள வீடுகள் துப்புரவாகவே இருக்கின்றன. விசிறியையும் வாயையும் செம்மையாக அமைத்தால் குறைந்த மின்சாரத்தாலும் அதே வேலை நடக்கும் என்பதற்கு இஃது ஒரு சான்று. மின்சாரக் கட்டணம் செலுத்துவோர் வாற்று மிகுதியைப் பெருமையாக அன்றிச் செலவாகவே கருத வேண்டும்.

இரண்டாவது, ‘10,000 பஸ்கால்’, ‘20,000 பஸ்கால்’ என்னும் கூற்று. தானே ஊர்ந்து செல்லும் ரோபோத் தூசுறிஞ்சிகளின் விளம்பரங்களிலே இது மிகுதி. 10,000 பஸ்கால் என்பது வளிமண்டல அமுக்கத்தின் பத்திலொரு பங்கு. குழாயொன்றில் நீரை ஏறக்குறைய 1 மீற்றர் உயர்த்தப் போதுமானது. எண் உண்மையே. ஆனால் பொதுவாக அது வாயடைத்த நிலையில், அதாவது பொறி ஒன்றும் செய்யாதிருக்கும் நிலையில் அளக்கப்பட்டது. எத்துணை வளி ஓடும் என்பதை அது கூறுவதில்லை. கனத்த பந்தொன்றைப் பொறி தூக்கி நிறுத்தும் காட்சியும் இவ்வகையதே. 20,000 பஸ்கால் அமுக்கக் குறைவு, 7 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வாயிலே 7 கிலோகிராமுக்குச் சற்று மேலான நிறையைத் தாங்கும் என்பதை உயர்வகுப்பு மாணவர் கணித்தறியலாம். பந்து வாயை முற்றாக அடைத்துக்கொள்வதனாலேயே அது நிற்கின்றது. பந்து தூக்குவதும் பாயிலுள்ள மணல் எடுப்பதும் வெவ்வேறு வேலைகள்.

மூன்றாவது, ‘உறிஞ்சுவலு குறையவே குறையாது’ என்னும் கூற்று. பையுள்ள பொறிகளிலே தூசி சேரச்சேரப் பையின் துளைகள் அடைபட்டு வளியோட்டம் குறையும். ஜேம்ஸ் டைசன் என்னும் ஆங்கிலேயர் இதற்குப் பரிகாரமாக, வளியைச் சுழற்றி மையநீக்க விசையாலே தூசியைப் பிரிக்கும் முறையை 5,127 மாதிரிகளின் பின்னர் அமைத்து, 1993இலே தம் பெயரில் விற்பனைக்கு விட்டார். இது மெய்யான முன்னேற்றமே. ஆயினும் சுழற்சிக்குத் தப்பிய நுண்தூசியைப் பிடிக்கும் வடியொன்று அதிலும் உண்டு. அதனைக் காலந்தோறும் கழுவி உலர்த்தாவிடின் வலு குறையத்தான் செய்யும்.

இவ்விடயத்திலே எழுந்த வழக்கொன்று எம் ஆய்வுக்கு மிக நெருங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 முதல் ஒவ்வொரு தூசுறிஞ்சியிலும் அதன் தரத்தை எழுத்துக்களாற் காட்டும் வில்லையை ஒட்ட வேண்டும் எனப் பணித்திருந்தது. அத்தரம் பையோ கலமோ வெறுமையாக இருக்கும்போது அளக்கப்பட்டது. வீட்டிலே பாவிக்கும் பொறியில் தூசி இருக்குமன்றோ, வெறும் பொறியை அளந்து தரம் கூறுதல் எங்ஙனம் பொருந்தும் எனக் கேட்டு டைசன் நிறுவனத்தார் வழக்காடினர். 2015இல் வழக்குத் தள்ளுபடியாயிற்று. 2017இல் ஐரோப்பிய நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. 2018 நவம்பர் 8ஆந் திகதி பொது நீதிமன்றம் அவ்வில்லைக்குரிய ஒழுங்குவிதியையே இரத்துச் செய்தது. இயல்பான பாவனைக்கு இயன்றவரை நெருங்கிய நிலையிலே அளக்காத எண், வாங்குவோருக்கு வழிகாட்டாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஓர் அரசியல் ஒன்றியத்தின் அதிகாரபூர்வமான வில்லைக்கே இந்நிலையாயின், வணிகரின் துண்டுப்பிரசுரத்தைப்பற்றிக் கூற வேண்டியதில்லை.

நான்காவது, ‘99.97 வீதம் தூசியகற்றும் ஹெபா வடி’ என்னும் கூற்று. 0.3 மைக்குரோன் பருமனுள்ள துணிக்கைகளில் 10,000க்கு 9,997ஐத் தடுப்பதே ஹெபா வடியின் இலக்கணம். இது வடியை மட்டும் பற்றியது, தரையைப் பற்றியதன்று. வடிக்குள் வந்த தூசியில் அத்துணைப் பங்கு தடுக்கப்படும் என்பதே பொருள். தரையிலுள்ள தூசியில் அத்துணைப் பங்கு எடுக்கப்படும் என்பதன்று. மேலும், பொறியின் மூடியிலும் இணைப்புக்களிலும் இடைவெளி இருப்பின் வளி வடியைச் சுற்றிக்கொண்டு வெளியேறிவிடும். ‘ஹெபா வகை’, ‘ஹெபா போன்றது’ என்னும் சொற்கள் இவ்விலக்கணத்தை உறுதிசெய்வன அல்ல.

ஐந்தாவது, கிருமிகளையும் நோயையும் ஒழிக்கும் என்னும் கூற்று. 2011இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு, ஓரெக் என்னும் நிறுவனம் புறவூதா விளக்குப் பொருத்திய தன் தூசுறிஞ்சி சளிச்சுரம் முதலிய நோய்களின் ஆபத்தைக் குறைக்கும் எனவும் கிருமிகளையும் ஒவ்வாமை தருவனவற்றையும் ஒழிக்கும் எனவும் செய்த விளம்பரங்கள் ஆதாரமற்றவை எனக் குற்றஞ்சாட்டியது. நிறுவனம் 750,000 டொலர் செலுத்த இணங்கி வழக்கை முடித்துக்கொண்டது. புறவூதா ஒளி கிருமியைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் ஒளியின் செறிவோடு அது படும் நேரமும் கணக்கிற் சேரும். ஒரு கணம் மேலால் ஊர்ந்து செல்லும் விளக்கு இழைகளின் அடியிலுள்ள கிருமியை எவ்வாறு அடையும்?

ஆறாவது, மின்கலத்தால் இயங்குவனவும் தானே ஊர்வனவும் பற்றியது. ‘60 நிமிடம் ஓடும்’ என்பது பலவற்றிலே மிகக் குறைந்த வேகத்துக்கு உரியது. உச்ச வேகத்தில் அது பத்து நிமிடத்திற்குக் குறைந்துவிடுதல் உண்டு. 2002இல் ரூம்பா என்னும் பெயரில் அமெரிக்காவிற் பரவத் தொடங்கிய ரோபோ வகை, கதவுநிலையில் பொதுவாக ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் உயரம் மட்டுமே ஏறவல்லது. திண்ணை, விறாந்தை, அறை, குசினி என ஒவ்வொன்றும் ஒரு படி வேறுபட அமைந்த எம் பழைய வீடுகளிலே அது ஓர் அறைக்குள் அடைபட்டுவிடும்.

செய்து காட்டும் வித்தை

விற்பனையாளர் வீட்டிற்கு வந்து செய்து காட்டுவது கண்கூடான சான்றென நம்புவோர் பலர். அவர் மெத்தையிலே பொறியை வைத்து, இடையிற் கறுப்புத் துணியொன்றைப் பொருத்திச் சிறிது நேரத்தில் அதிலே படிந்த வெண்டூசியைக் காட்டுவார். இல்லத்தரசி நாணமடைவார். இக்காட்சியிலே பொய்யில்லை, எம் தோலிலிருந்து உதிர்வனவும் பஞ்சின் நுண்ணிழைகளும் எந்த மெத்தையிலும் உண்டு. ஆனால் அதே இடத்தில் மீண்டும் வைத்தால் மீண்டும் தூசி வரும். வேறு மலிவான பொறியை வைத்தாலும் வரும். எனவே அக்காட்சி மெத்தையிலே தூசி உண்டென்பதை நிறுவுகின்றதேயன்றி, அப்பொறி மற்றவற்றினும் சிறந்தது என்பதை நிறுவவில்லை. வாங்க எண்ணுவோர் செய்ய வேண்டியது ஒன்றுண்டு: விற்பனையாளர் கொட்டும் பொடியை விடுத்து, தம் வீட்டு மணலைத் தம் வீட்டுப் பாயிலே தாமே தூவி எடுக்கச் சொல்லுதல்.

வாவிக்கரை வீட்டுக்கு எது பொருந்தும்?

தூசுறிஞ்சிகளின் தரத்தை அளக்கும் மேனாட்டு முறைகளில் முதன்மை பெறுவது கம்பளம். குளிர்நாட்டு வீடுகளிலே சுவர் முதற் சுவர் வரை கம்பளம் கிடக்கும், அதைக் கழற்றி உதற முடியாது, தும்புத்தடியாலும் பயனில்லை. அங்கே தூசுறிஞ்சி இன்றியமையாதது. எம் வீடுகளிலோ தரை சீமெந்தாலோ ஓடு பதித்தோ அமைந்தது. கம்பளம் அருமை, பாயோ சுருட்டத்தக்கது, வெயிலோ ஆண்டின் பெரும்பகுதியிற் கிடைப்பது. கம்பளத்தின் இழைகளைக் கிளறுவதற்கென அமைந்த சுழல்தூரிகை, வழுவழுப்பான தரையிலே மணலை நாற்புறமும் சிதறடிப்பதும் உண்டு. மேனாட்டிற் பெற்ற புகழ் இங்கே அப்படியே செல்லுபடியாகாமைக்கு இதுவே முதற்காரணம்.

எமது தூசியும் வேறுபட்டது. கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி முதலிய கரையோர ஊர்களிலே காலோடு வீட்டுக்குள் வருவது பருமணல். அதனைத் தும்புத்தடி ஒரு சதமும் மின்செலவின்றி வாரிவிடும். மாரியில் வாடைக்காற்றோடு மழை வரும்போது படிவது சேறு. உலர்தூசிக்கென அமைந்த பொறியாலே ஈரத்தை உறிஞ்ச முற்படுதல் பொறிக்குக் கேடு. மின்தாக்கத்தால் உயிருக்கும் ஆபத்து. கோடையிற் கச்சான் காற்று வீசும் நாட்களிலே நிலைமை மாறுகின்றது. அப்போது யன்னல்வலை, திரைச்சீலை, புத்தக அலுமாரி, மெத்தையிட்ட கதிரை ஆகியவற்றிலெல்லாம் நுண்தூசி படியும். தும்புத்தடியும் தூசிதட்டும் துணியும் அதனைக் கிளப்பி மீண்டும் படியச் செய்வனவேயாம். இங்கேதான் தூசுறிஞ்சி தன் விலைக்குரிய வேலையைச் செய்கின்றது. கிளப்பாமல் அள்ளுதலே அதன் மெய்யான சிறப்பு. பூத் கைக்குட்டையை விரித்த நாளிலிருந்து இன்றுவரை அச்சிறப்பு மாறவில்லை.

தொய்வு நோயாளர் உள்ள வீடுகளிலே இச்சிறப்பு பயன்தரலாம். ஆனால் விளம்பரம் கூறுமளவுக்கு எதிர்பார்த்தல் ஆகாது. தூசுச் சிற்றுண்ணி என்னும் கண்ணுக்குப் புலப்படாத உயிர் எம்முடையது போன்ற ஈரலிப்பான கரையோரங்களிலே மெத்தைகளிற் பெருகுவது. அதன் கழிவே பலருக்குத் தொய்வைத் தூண்டுகின்றது. தூசுறிஞ்சி மேற்பரப்பிலுள்ள கழிவிற் சிறிதை எடுக்கும். இழையைப் பற்றிக்கொண்டு உள்ளே வாழும் சிற்றுண்ணியை ஒழிக்காது. சிற்றுண்ணியைக் குறைக்கக் கையாளப்பட்ட முறைகள் பற்றிய 54 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி 2008இல் வெளியான கொக்கிரேன் மீளாய்வு, அவற்றால் தொய்வு நோயாளர் நன்மை பெற்றமைக்குச் சான்றில்லை என முடிவு கூறியது. படுக்கை விரிப்புக்களை 60 பாகை வெந்நீரிற் கழுவுதலும் நல்ல வெயிலில் உலர்த்துதலும் எளிய முறைகள். வைத்தியர் தந்த மருந்தை நிறுத்திவிட்டுப் பொறியை நம்புதல் பெருந்தவறாகும்.

வேறு சில குறிப்புக்களும் கருதத்தக்கன. உப்புக்காற்றும் ஈரலிப்பும் உள்ள இடத்திலே பையில் தூசியை விட்டுவைத்தால் அது கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். பாவித்த அன்றே வெறுமையாக்குதல் நன்று. அடுப்புச் சாம்பலையும் சீமெந்துத் தூளையும் வீட்டுப் பொறியால் எடுத்தல் ஆகாது. அவை வடியை அடைத்து மோட்டரைச் சூடேற்றும். அனைத்திலும் முக்கியமானது, மாற்றுப்பையும் வடியும் மட்டக்களப்புக் கடைகளிலே கிடைக்குமா என வாங்குமுன் விசாரித்தல். வடி கிடைக்காத தூசுறிஞ்சி சில ஆண்டுகளிலே அலுமாரிக்கு மேல் ஏறிவிடும்.

மாணவர்க்கு ஒரு பரிசோதனை

விஞ்ஞானம் பயிலும் மாணவர் இவ்விடயத்தை வீட்டிலேயே ஆராயலாம். கழுவி உலர்த்திய கடற்கரை மணலில் 50 கிராம் நிறுத்தெடுக்குக. ஒரு மீற்றர் நீளமும் அகலமும் கொண்ட பன்பாயொன்றை நிறுத்து, அதன்மேல் மணலைச் சீராகத் தூவி, உள்ளங்கையால் மெல்லத் தேய்க்குக. பொறியின் வாயைப் பாயின்மீது ஒரே வேகத்திற் பத்து முறை செலுத்துக. பின்னர்ப் பாயை மீண்டும் நிறுத்தால் எஞ்சிய மணல் எவ்வளவு என்பது புலனாகும். இதனை மூன்று முறை செய்து சராசரி காண்க. அடுத்துப் பை பாதி நிறைந்துள்ளபோது அதே பரிசோதனையைச் செய்க. இறுதியிற் பொறியை விடுத்துப் பாயைத் தூக்கி உதறியும், தும்புத்தடியாற் கூட்டியும் நிறுக்குக.

இவ்வாறு பெறும் எண்கள் விளம்பர எண்களினும் சிறியனவாக இருக்கலாம். ஆயினும் அவை எம் மணலில், எம் பாயில், எம் கையால் அளந்தவை. அளவீடு என்பது எண் மட்டுமன்று, எண்ணும் அது பெறப்பட்ட நிலையும் சேர்ந்ததே என்னும் பாடத்தை இதனினும் தெளிவாகக் கற்பிப்பது அரிது.

மிச்சமாகும் உழைப்பு

‘இல்லத்தரசியின் சுமை நீங்கும்’ என்பது தூசுறிஞ்சி விளம்பரங்களின் பழைய வாசகம். அமெரிக்க வரலாற்றறிஞர் ரூத் சுவார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட நூலிலே, வீட்டுப் பொறிகள் பெருகியும் பெண்கள் வீட்டுவேலைக்குச் செலவிடும் நேரம் எதிர்பார்த்தவாறு குறையவில்லை என எடுத்துக்காட்டினார். ஆண்டுக்கு ஒருமுறை வீட்டார் அனைவரும் கூடி வெளியே கொண்டுசென்று அடித்துத் தூசி போக்கிய கம்பளத்தை, பொறி வந்தபின் ஒருத்தியே வாரந்தோறும் துப்புரவு செய்யலானாள். பொறி உழைப்பைக் குறைத்தது. ஆனால் எதிர்பார்க்கப்பட்ட துப்புரவின் அளவு உயர்ந்தது. உதவியாக நின்ற கைகளும் விலகிக்கொண்டன. எம் வீடுகளிலும் இது நிகழாதெனக் கூற முடியாது. குனிந்து கூட்டமுடியாத முதியவருக்கு இப்பொறி பேருதவி. ஆனால் அதைத் தூக்கிச் செல்வதும், பையை வெறுமையாக்குவதும், வடியைக் கழுவுவதும் யாருடைய வேலை என்பதை அன்பளிப்புச் செய்வோர் முன்கூட்டியே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முடிவுரை

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வாங்குவோரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையையும் பொருளின் தரம்பற்றிய பொய்யான கூற்றையும் தடைசெய்கின்றது. குறைபாடு கண்டோர் பற்றுச்சீட்டையும் உத்தரவாதப் பத்திரத்தையும் விளம்பரத்தின் பிரதியையும் பேணிவைத்து, காலந்தாழ்த்தாது எழுத்துமூலம் முறையிடலாம். 1977 என்னும் தொலைபேசி இலக்கமும் அவ்வதிகாரசபைக்கு உண்டு. எனினும் சட்டம் பொய்யைத் தண்டிக்குமேயன்றி, வேறு வீட்டிற்குரிய உண்மையை எம் வீட்டிற்கென வாங்குவோரைக் காப்பாற்றாது. அதற்குத் துணை எம் அறிவே.

ஆகவே, தூசுறிஞ்சி விளம்பரத்தை நிறைவேற்றுகின்றதா என்னும் வினாவுக்கு எமது விடை இதுவாகும்: நுண்தூசியைக் கிளப்பாமல் அள்ளும் பணியிலே நிறைவேற்றுகின்றது, தும்புத்தடியை முற்றாக ஓய்வுபெறச் செய்யும், நோயை விரட்டும், வலு குன்றாது என்றும் உழைக்கும் என்பவற்றிலே நிறைவேற்றவில்லை. வாங்குவோர் எந்த எண்ணைக் கண்டாலும் அது எந்நிலையில் அளக்கப்பட்டது, எத்தரையில் அளக்கப்பட்டது, எத்துணைக் காலம் நிலைக்கும் என்று கேட்பாராக. விடைகூற இயலாத விற்பனையாளரிடம் அவசரப்பட்டு ஒப்பமிட வேண்டியதில்லை.

கல்லூரியின் விஞ்ஞான கூடத்திலே அமுக்கமானியின் இரசத்தம்பத்தைப் பார்த்து வாசிப்பெடுத்த கைகளே இன்று உலகின் பல பாகங்களிலும் வீட்டுப் பொருட்களைத் தெரிந்தெடுக்கின்றன. அன்று ஆசிரியர் வாசிப்போடு நிபந்தனையையும் எழுதுமாறு பணித்தனர். அப்பழக்கத்தைக் கடைவாயிலிலும் கைவிடாதிருத்தல், அவர்கள் புகட்டிய கல்விக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.